ஃபைலின் முதல் காகிதம்

தசைநோய் உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கையில் ஒரு கட்டைப்பையும் இருக்கும். அதற்குள் நாலைந்து வருஷத்து ரிப்போர்ட்டுகள். நான் பிசியோதெரபிஸ்ட், சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் தறிச்சத்தத்துக்கு நடுவே சின்னதாக ஓர் இடம் வைத்திருக்கிறேன். அந்தப் பையில் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அடியில் கிடக்கும் காகிதத்தை. எல்லாவற்றுக்கும் முன்னால் எந்த டெஸ்ட் எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால், எத்தனை வருஷம் வீணாகப் போயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

டூஷேன் என்ற தசைச்சிதைவு நோய் உள்ள பையன்கள் பலருக்கு அந்த அடிக்காகிதம் ஈரல் டெஸ்டாக இருக்கிறது. காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்திருப்பார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் எகிறியிருக்கும். உடனே மஞ்சள் காமாலை என்று முடிவாகிவிடும். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பார்கள், உப்பில்லாப் பத்தியம் ஓடும், ஊருக்கு ஊர் காமாலைக்கு மருந்து கொடுக்கும் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார்கள். பையனின் கண் வெள்ளையாகத்தான் இருக்கும், காமாலையில் ஏற வேண்டிய பிலிருபின் அளவும் சரியாகத்தான் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

அந்த இரண்டு என்சைமும் ஈரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உண்டு. தசை உடைந்துகொண்டே இருந்தால் அவை ரத்தத்தில் கசியும். அதைப் பிரித்தறிய சி.பி.கே. என்ற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். இயல்பாக ஒன்றிரண்டு நூறுக்குள் இருக்க வேண்டிய அந்த எண், இந்தப் பையன்களுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வரும். சாதாரண லேபிலேயே எடுக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், ஈரல் டெஸ்டுக்கும் சி.பி.கே.வுக்கும் நடுவில் இரண்டு, மூன்று வருஷ இடைவெளி. நான் பார்த்த ஒரு ஃபைலில் நாலு வருஷம்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். அப்போது சீனியர்கள் சொன்னது ஒன்றுதான்: இன்றைக்குக் கண்டுபிடித்தாலும் அடுத்த வருஷம் கண்டுபிடித்தாலும் நம்மால் செய்ய முடிந்தது ஒன்றுதானே. அது பாதி உண்மை, அப்போதே. இன்றைக்கு முழுப் பொய்.

*

மாற்றம் முதலில் வந்தது எஸ்.எம்.ஏ.வில். தண்டுவடத் தசைச்சிதைவு என்று பத்திரிகைகள் எழுதுகிற நோய் இது. ஏறக்குறைய பத்தாயிரம் பிரசவத்துக்கு ஒரு குழந்தைக்கு வரும். தசையில் கோளாறு இல்லை. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் தண்டுவட நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கடுமையான வகையில் குழந்தை தவளைபோலக் காலை விரித்துப் படுத்திருக்கும், தலை நிற்காது, அழுகை பூனைக்குட்டி சத்தமாக இருக்கும், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கி வயிறு மட்டும் ஏறி இறங்கும். முகத்தில் மட்டும் குறையே தெரியாது. கண் அப்படித் துறுதுறுவென்று நம்மைத் துரத்தும். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிமார்கள், "நல்லா வெவரமாத்தாங்க இருக்கறான், காலு மட்டும் லேட்டாகுது" என்பார்கள். மருந்தில்லாத காலத்தில் இந்த வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவார்கள், அல்லது வென்டிலேட்டரில் இருப்பார்கள்.

காரணம் எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இல்லாமல் போவது. மனிதர்களுக்கு மட்டும் இயற்கை ஒரு சலுகை வைத்திருக்கிறது: கிட்டத்தட்ட அதே மாதிரி எஸ்.எம்.என்.2 என்று இன்னொன்று. ஏழாம் துண்டில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் அந்தத் துண்டையே உடம்பு தாண்டிப் போய்விடும். உருப்படியாகக் கிடைக்கும் புரதம் பத்தில் ஒரு பங்குதான். அந்த உபரி மரபணுவைச் சரியாகப் படிக்க வைத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் நுசினெர்சென். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதுகுத்தண்டில் ஊசி, முதலில் நாலு முறை, பிறகு நாலு மாதத்துக்கு ஒன்று என்று ஆயுள் முழுக்க. 2019 மே மாதம் ஸோல்ஜென்ஸ்மா வந்தது. ஆபத்தில்லாத வைரஸ் ஒன்றின் ஓட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து, இரண்டு வயதுக்குள் ஒரே ஒருமுறை ஏற்றுவது. 2021இல் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட "16 கோடி ஊசி" இதுதான். டீக்கடை உண்டியல் முதல் செல்போன் பணப்பரிமாற்றம் வரை நம் மக்கள் போட்ட காசு அது. அந்தக் காசின் ஈரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு செய்தியால், எஸ்.எம்.ஏ. என்றாலே "பதினாறு கோடியா, நம்மால ஆகாது" என்று ஃபைலை மூடிவைத்துவிடும் பழக்கமும் நம் வீடுகளில் வந்துவிட்டது.

மூன்றாவது மருந்து ரிஸ்டிப்ளாம். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவிலும், மறுவருஷம் இந்தியாவிலும் வந்தது. இது ஊசியே இல்லை. தினம் ஒருவேளை வாய்வழி கொடுக்கும் திரவம். நுசினெர்சென் செய்யும் அதே வேலையை, ஏழாம் துண்டைத் தாண்டவிடாமல் பிடித்து வைப்பதை, உடம்பு முழுக்கச் செய்கிறது. இதன் விலைக்கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊரே அறியாமல் நடந்த பெரிய மாற்றம் இங்கேதான்.

ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம். 20 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 5 மில்லிகிராம். பன்னிரண்டு நாளில் பாட்டில் காலி. வருஷத்துக்கு முப்பது பாட்டில். பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய் என்று விற்றபோது வருஷத்துக்கு 1.8 கோடி. 2021இன் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு அரசு தரும் உச்சவரம்பு 50 லட்சம். மூன்று மாதத்துக்குச் சற்று மேல் வரும், அவ்வளவுதான். அதன் பிறகு?

ஹைதராபாத் நிறுவனம் நாட்கோ இதே மருந்தைப் பொதுப்பெயரில் செய்ய முன்வந்தது. காப்புரிமை வைத்திருந்த ரோஷ் வழக்குப் போட்டது. காப்புரிமையே செல்லுமா என்ற சந்தேகத்தில் முகாந்திரம் இருக்கிறது என்று சொல்லி, டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் தடை தர மறுத்தது. அக்டோபர் 9இல் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. அடுத்த வாரமே உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. பாட்டில் 15,900 ரூபாய் என்ற விலையோடு மருந்து சந்தைக்கு வந்தது. அதே 20 கிலோ பிள்ளைக்கு இப்போது வருஷத்துக்கு ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. எட்டு கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 1.6 மில்லிகிராம் போதும். வருஷத்துக்குப் பத்துப் பாட்டில், ஒன்றரை லட்சத்துச் சொச்சம். கொலுசுப் பட்டறையில் கூலிக்குப் பற்றவைக்கிறவருக்கு அதுவும் மலைதான். ஆனால் இது ஏற முடிகிற மலை. அந்த 50 லட்சம் இப்போது மூன்று மாதத்துக்கு அல்ல, பத்து வருஷத்துக்கு வரும்.

ஆக, பணம் என்ற சுவர் இடிந்துவிடவில்லை, இறங்கியிருக்கிறது. இறங்கியதும் பின்னால் நிற்கும் இன்னொரு சுவர் தெரிகிறது. அது நாள். செத்த நரம்பணுவை இந்த மூன்று மருந்தில் எதுவும் எழுப்பாது, இருப்பதைக் காப்பாற்றும். அறிகுறி தெரிவதற்கு முன்பே நுசினெர்சென் தொடங்கிய 25 குழந்தைகளை ஐந்து வருஷம்போலத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. 25 பேரும் உயிரோடு இருந்தார்கள், 23 பேர் பிடிமானம் இல்லாமல் நடந்தார்கள். அதே மருந்தை எட்டாம் மாதத்தில், தலை தொங்கிய பிறகு தொடங்கினால் உட்காருவதே வெற்றி. அமெரிக்காவில் ஒரு பெண் கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தானே ரிஸ்டிப்ளாம் சாப்பிட்டதும், பிறந்த குழந்தை இரண்டரை வயது தாண்டியும் அறிகுறி இல்லாமல் இருப்பதும் 2025இல் பதிவானது. பிறந்த பிறகு என்பதே தாமதம் என்ற அளவுக்கு யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நம்மூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் ரத்தம் எடுத்து எஸ்.எம்.ஏ. பார்க்கும் அரசுத் திட்டம் இன்னும் இல்லை. எனவே கண்டுபிடிக்க வேண்டியது தடுப்பூசி போடும் நர்ஸும், அங்கன்வாடி டீச்சரும், "லேட்டாகுது" என்று சொல்லும் அந்தப் பாட்டியும்தான்.

*

டூஷேன் கதை வேறு. அங்கே செய்திகள் பெரிசு, பலன் சிறிசு.

ஏறக்குறைய பையன்களுக்கு மட்டுமே வரும் நோய். ஐயாயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில். மூன்று, நாலு வயதில் அடிக்கடி விழுவான், நுனிக்காலில் நடப்பான், தரையிலிருந்து எழும்போது குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் ஊன்றி, தொடைமேல் கை வைத்துத் தன் உடம்பைத் தானே ஏறி வருவான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருக்கும். "ஃபுட்பால் பிளேயர் கால்" என்று அப்பாமார்கள் பெருமையாகத் தட்டிக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அது பலம் அல்ல. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்த வீக்கம்.

இந்த மரபணுவைப் புரியவைக்க எனக்கு அம்மாப்பேட்டையே பாடப்புத்தகம். தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை குத்திய அட்டைகள் மாலையாகத் தைத்துத் தொங்கும். எந்த அட்டையில் எந்த ஓட்டையோ அந்த இழை எழும்பும், கரையில் அன்னம் விழும். டிஸ்ட்ரோஃபின் மரபணு அப்படி 79 அட்டை கோர்த்த மாலை. மனித உடம்பின் மிக நீளமான மரபணுக்களில் ஒன்று. உடம்பு அதன் எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் படிக்கும். நடுவில் ஓர் அட்டை தொலைந்து, அதிலிருந்த எழுத்துகள் மூன்றால் வகுபடாத எண்ணிக்கை என்றால், அதற்குப் பிறகு எல்லாமே தப்பும் தவறுமாக வரும். அன்னம் இல்லை, வெறும் கிறுக்கல். அதுதான் டூஷேன். தொலைந்தது மூன்றால் வகுபடுவதாக இருந்தால் டிசைன் குட்டையாகும், ஆனால் ஒட்டிக்கொண்டு தொடரும். அது பெக்கர் என்ற மிதமான வகை. நாற்பது வயதில் நடக்கிறவர்களும் உண்டு.

ஒரு தறிக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மகனுக்கு 50ஆம் அட்டை இல்லை. அதில் 109 எழுத்து, மூன்றால் வகுபடாது. பேனாவை வாங்கி யோசித்துவிட்டு, "அப்ப அடுத்த அட்டையயும் கழட்டிட்டா டிசைன் சேந்துக்காதுங்களா சார்?" என்றார். 51இல் 233 எழுத்து. இரண்டையும் கூட்டினால் 342, வகுபடும். எக்ஸான் (நாம் சொல்லும் அட்டை) ஸ்கிப்பிங் என்று உலகம் பல வருஷம் மெனக்கெட்டு மருந்தாக்கிய யோசனை அது, ஐந்து நிமிஷத்தில் தறியில் இருந்து எழுந்து வந்தது. 51ஐக் கழற்றும் எடெப்லிர்சென் 2016 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. யோசனை அழகு, விளைவு அவ்வளவு இல்லை: தசையில் உண்டான டிஸ்ட்ரோஃபின் இயல்பான அளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதுவும் இந்த நோயுள்ள பையன்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குத்தான் அந்த அட்டை பொருந்தும். அவருக்கு நான் அன்று அதையும் சொல்ல வேண்டியிருந்தது.

மரபணுவையே ஏற்றிவிடலாமே என்றால், அங்கே இடப்பிரச்சினை. புரதத்துக்கு வேண்டிய குறிப்பு மட்டும் 11,000 எழுத்து. வைரஸ் ஓட்டுக்குள் பிடிப்பது 4,700 சொச்சம். அதனால் வெட்டிச் சுருக்கிய குட்டி டிஸ்ட்ரோஃபினை வைத்து 2023 ஜூனில் எலெவிடிஸ் வந்தது. விலை 32 லட்சம் டாலர். பெரிய பரிசோதனையில் அதன் முக்கிய இலக்கை எட்டவில்லை. 2025இல் நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு வளரிளம் பையன்கள் இதைப் பெற்றபின் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். கடைசியில் நடக்க முடிகிறவர்களுக்கு மட்டும் என்று கடும் எச்சரிக்கையோடு சுருக்கிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் "டூஷேனுக்கு மருந்து வந்தாச்சு" என்று சுற்றும் வீடியோ பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். இறப்புச் செய்தி மட்டும் ஃபார்வர்டு ஆகாது.

இன்னொன்று, ஸ்டெம் செல். காட்டை விற்று, நகையை விற்று ஊர் ஊராகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். தசைச்சிதைவுக்கு ஸ்டெம் செல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற சிகிச்சை அல்ல. முறையான ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிப் போடக்கூடாது என்றுதான் ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் சொல்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அப்படியென்றால் டூஷேனில் முன்னேற்றமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது தலைப்புச் செய்தி ஆகாத முன்னேற்றம். தெருமுனை மெடிக்கலில் கிடைக்கும் ப்ரெட்னிசோலோன், டெஃப்லசகார்ட் மாத்திரைகள். நாலைந்து வயதில் தொடங்கி விடாமல் கொடுத்தால் நடை இரண்டு மூன்று வருஷம் கூடுதலாக நிற்கிறது, முதுகு கோணுவது குறைகிறது, நுரையீரல் தளர்வது தள்ளிப்போகிறது. பத்து வயதுக்குள் இதயத்துக்கு எனலாப்ரில் மாதிரி ஒரு சாதா மாத்திரை. வருஷம் ஒருமுறை எக்கோ. பிறகு இரவில் மாஸ்க் வைத்து மூச்சுக்கு உதவும் பைபாப். இவை சேர்ந்துதான் பதின்வயதில் முடிந்த ஆயுளை இருபதுகளின் கடைசிக்கும் முப்பதுகளுக்கும் நகர்த்தியிருக்கின்றன. 2023இல் வந்த வாமொரொலோன், 2024இல் வந்த கிவினோஸ்டாட் இரண்டும் இதே பாதையில் அடுத்த அடிகள்.

ஆனால் ஸ்டீராய்டு என்ற பெயரே நம் வீட்டில் பேய். முகம் உப்பும், உயரம் தடைப்படும், எலும்பு மெலியும், கண்ணில் புரை விழலாம், எல்லாம் உண்மை. அதனால் யாராவது சொந்தக்காரர் வந்து "அதெல்லாம் விஷம்" என்று சொன்னதும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சுரப்பைச் சுருக்கிக்கொண்டிருக்கும். சடாரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே மோசமாகலாம். குறைப்பது டாக்டர் கணக்கில், படிப்படியாக. என் பங்குக்கு நான் சொல்வது: பலம் வரட்டும் என்று பையனை மாடிப்படி ஏற்றி இறக்காதீர்கள். இறங்கும்போது நீண்டபடி வேலை செய்யும் தசை இந்தப் பையன்களுக்குக் கிழியும். குதிகால் நாரை நாள் தவறாமல் இழுத்துவிடுங்கள், ராத்திரிக்கு ஸ்பிளிண்ட் போடுங்கள், நீச்சல் கிடைத்தால் விடுங்கள். ஆபரேஷன் என்று வந்தால், எந்தச் சின்ன ஆபரேஷன் ஆனாலும், மயக்க டாக்டரிடம் முதல் வார்த்தையாக நோயின் பெயரைச் சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு ஆகவே ஆகாது.

*

எல்லாக் குடும்பத்திலும் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சு வரும். "சொந்தத்துல கட்டுனதாலதானுங்க இப்படி ஆச்சு." 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் சொந்தத்தில்தான், நாட்டிலேயே அதிகம். எஸ்.எம்.ஏ.வுக்கும், இடுப்பு-தோள்பட்டைத் தசைகளைத் தாக்கும் பல வகைகளுக்கும் இது உண்மையில் காரணம் சேர்க்கும்: அப்பா அம்மா இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. டூஷேனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. அது எக்ஸ் குரோமோசோமில் வருவது. மூன்றில் இரண்டு பங்கு அம்மா வழி, மீதி அந்தக் குழந்தையிலேயே புதிதாக உண்டான மாற்றம். அத்தை மகனைக் கட்டினாலும் அயலூர்க்காரரைக் கட்டினாலும் அதே கணக்கு. இதைச் சொன்ன பிறகு மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்ததை நான் கவனித்திருக்கிறேன். "அம்மா வழி" என்பது இன்னொரு பழியாக மாறாமல் சொல்லவும் பழக வேண்டியிருந்தது. மரபணுச் சோதனை முடிந்தால்தான் இதெல்லாம் ஊகம் இல்லாமல் பேச முடியும். தங்கைக்கும் சித்திக்கும் அடுத்த பிரசவத்துக்கு முன் வழி சொல்ல முடியும். இந்தச் சோதனைக்கென்றே பல வருஷமாக வேலை செய்யும் எம்.டி.சி.ஆர்.சி. கோயம்புத்தூரில்தான் இருக்கிறது, அரிய நோய்க் கொள்கையின் சிறப்பு மையங்களில் ஒன்று பெங்களூருவில். சேலத்திலிருந்து இரண்டும் விடிகாலை ரயிலில் போய் ராத்திரி திரும்பும் தூரம்.

சேலத்தில் இந்த நோயைப் பற்றிப் பேசினால் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகளைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இருவருக்கும் தசைச்சிதைவு. தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையை இந்த ஊரில் நடத்தினார்கள். மாதேவி 2017இல் காலமானார். மரபணு மருந்து எதுவும் அவர்களை வந்தடையவில்லை. இந்த நோயோடு வாழ்பவர்களை வீட்டு உள்ளறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது அவர்கள்தான். அதே ஆண்டுகளில் சட்டமும் நகர்ந்தது: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவு தனியாகப் பெயரிட்டுச் சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு அரசு இப்போது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி தருகிறது, பேட்டரி சக்கர நாற்காலியும் உண்டு. அடையாள அட்டையை இன்னும் வாங்காத குடும்பங்கள் என்னிடம் மாதத்துக்கு ஒன்றாவது வருகின்றன.

ஏற்காட்டுக்கு மாதம் ஒருநாள் போகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒண்டிக்கடையில் இறங்கி, அங்கிருந்து எஸ்டேட் ஜீப். போன தடவை காபித் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவின் நர்ஸ் அங்கன்வாடியில் பார்த்துவிட்டு, கால் விரிந்து கிடப்பதைச் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டைப்பை இல்லை, ஃபைல் இல்லை. நாக்கைப் பார்த்தேன், ஓரத்தில் புழு நெளிவதுபோலத் துடித்தது. சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, அந்த வாரமே எம்.எல்.பி.ஏ. என்ற மரபணுச் சோதனைக்கு ரத்தம் போயிற்று. எஸ்.எம்.ஏ. என்றே வந்தது. மருந்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது.

அம்மாவிடம் ரிஸ்டிப்ளாம் மருந்தைப் பற்றிச் சொன்னேன்: தினம் ஒரே நேரம், பால் குடித்த பிறகு, கரைத்த பாட்டில் ஃபிரிஜ்ஜில் இருக்க வேண்டும், 64 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "ஃபிரிஜ்ஜு லைன்ல யாருகிட்டயும் இல்லீங்களே சார்" என்றார். ரோட்டோரப் பெட்டிக்கடைக்காரர் தயிர்ப் பாக்கெட் அடுக்கும் தட்டில் ஓரமாக இடம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மேலே ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்துவிடக் கூடாது, உறையக் கூடாது என்று அவருக்கு ஒரு சீட்டு எழுதி, ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.